தந்தி வராத துட்டி

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. என் வீட்டில் இரண்டு அடுப்பு கூடுதலாக எரியும். நான் சாப்பாடு போட்டுப் பிழைத்தவள். திருநெல்வேலி டவுனில், தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் என் வீடு. கலெக்டர் கச்சேரி குமாஸ்தாக்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைகள் என்று குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் இருவேளையும் என் முற்றத்தில் இலை போட்டு உட்காருவார்கள். ரசத்தில் உப்பு குறைச்சல் என்று எவராவது வாய் திறந்தால் அன்றைக்கு அவருக்கு மோர் கிடையாது. கோபக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன். பொய்ப் பெயர் இல்லை.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே காலராவில் போய்விட்டார். ஒரு தந்தி வந்தது. அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. யார் தூக்கினார்கள், யார் கொள்ளி வைத்தார்கள், கடைசியாக ஒரு வாய்த் தண்ணீர் யார் கொடுத்தார்கள், ஒன்றும் தெரியாது. இங்கே தெரு முழுக்க வந்து துட்டி கேட்டது. செத்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆண்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பேசாமல் கையை நீட்டுவார்கள். துக்கத்துக்கு உரியவர் அந்தக் கையைத் தொட வேண்டும். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். புறப்படும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும்.

என்னைக் கட்டிக்கொண்டு முதலில் அழுதவள் எதிர்வீட்டு மதினி. என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள். ஒப்பாரி வைக்க அவளை விட்டால் தெருவில் ஆள் இல்லை. செத்தவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் அவள் பாட்டில் தங்கமாகிவிடுவார். கடன்காரனுக்குப் பயந்து பின்வாசல் வழியாகவே நடமாடிய ஒருவரை "ராஜ நடை நடந்தவரே" என்று அவள் பாடிக் கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தால்கூட எனக்கு லேசாகக் கண் கலங்கும். பழக்க தோஷம்.

அவள் வீட்டு முன்னறையில்தான் குங்குமப்பூக்காரர் வாடகைக்கு இருந்தார். பஞ்சாபுக்கும் அப்பால், பனிமலை அடிவாரத்தில், காங்கடா என்ற சீமையில் அவர் ஊர். குங்குமப்பூ, பெருங்காயம், கஸ்தூரி, சால்வை எல்லாம் ஒரு தகரப்பெட்டியில் வைத்து வீடு வீடாக விற்பார். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் பாதிப்பேர் தாய் வயிற்றில் இருக்கும்போதே அவருடைய குங்குமப்பூவைப் பாலில் குடித்தவர்கள். பிறந்த பிள்ளை கறுப்பாக இருந்தால் அவரைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். "பூவுல குத்தம் இல்ல வே, அப்பன் மூஞ்சியப் பாரும்" என்பார். எங்கள் தமிழை அவர் கற்றது கடைத்தெருவில். ஆகையால் வக்கீலையும் வண்டிக்காரனையும் ஒரே மாதிரி "வே" போட்டுத்தான் பேசுவார். ரோஷப்படுகிற வக்கீல்கூட அவரிடம் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

சாப்பாடு என் வீட்டில். கோதுமை ரொட்டி கிடைக்காத ஏக்கத்தை ரசத்தில் தீர்த்துக்கொள்வார். டம்ளர் டம்ளராகக் குடிப்பார். ஊரில் அவருக்கு ஒரு மனைவியும் ஒரே பெண்பிள்ளையும். வருஷத்துக்கு ஒரு தரம்தான் போய்ப் பார்த்து வருவார். பிள்ளை எவ்வளவு உயரம் என்று கேட்டால் தரையிலிருந்து கையை உயர்த்தி, "இம்புட்டு" என்று காட்டுவார். மாதம் ஏற ஏற அந்தக் கையும் ஏறும். "பாக்காமலே எப்படி வே வளத்துதீரு?" என்று நான் கேலி செய்வேன். "வளந்திருப்பாள்லா அக்கா" என்பார். அவர் ஊரில் ஓர் அம்மன் கோயில். எண்ணெய் இல்லாமல், திரி இல்லாமல் பாறைக்குள்ளிருந்தே நெருப்பு எரியுமாம். அதை அவர் சொல்லும்போது எங்கள் குமாஸ்தாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் நம்பினேன். ரசத்தைப் பற்றிப் பொய் சொல்லாதவர் அம்மனைப் பற்றியா பொய் சொல்லப் போகிறார்!

அது குரோதி வருஷம், பங்குனிக் கடைசி. வருஷப் பிறப்புக்கு இன்னும் சில நாள்தான். காலைச் சாப்பாட்டின்போது ஒரு குமாஸ்தா பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு சத்தமாக வாசித்தார். வடக்கே பெரிய பூகம்பம். காங்கடா சீமையில் ஊர் ஊராகத் தரைமட்டம். கோயில் விழுந்துவிட்டது, தந்திக் கம்பி அறுந்துவிட்டது, எத்தனை உயிர் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. முற்றத்தில் ஒருவரும் வாயில் சோறு வைக்கவில்லை. குங்குமப்பூக்காரர் அன்று விடியற்காலையிலேயே பெட்டியை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போயிருந்தார்.

"அவரு வந்ததும் நான் சொல்லிக்கிடுதேன். சாப்பிட்டு முடிக்கட்டும், பைய சொல்லிக்கிடுதேன். அதுக்குள்ள யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டுவிட்டு, வருஷப் பிறப்புச் சமையலுக்குக் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனேன். குமாஸ்தாக்கள் என் உத்தரவைத் தெருக்கோடி வரை பத்திரமாக எடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கே தானிய மண்டி அண்ணாச்சி, தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்பவர், வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றிருந்தார்.

சந்தையிலிருந்து வண்டியில் திரும்பும்போது தெரு முனையிலேயே ஒப்பாரிச் சத்தம் கேட்டது. மதினியின் குரல்தான், சந்தேகமே இல்லை. காய்கறிக் கூடையை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

"யாருட்டி போனது?" என்று வாசலில் நின்ற ஒருத்தியைக் கேட்டேன்.

"குங்குமப்பூக்காரரு பொஞ்சாதியும் பிள்ளையும்க்கா."

"தந்தி வந்துச்சா?"

"தந்தி ஏது? பேப்பர்ல போட்டிருக்காம்லா!"

உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்னறை வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். தகரப்பெட்டியின் வார் இன்னும் தோளில் கிடந்தது. தெரு ஆண்கள் இடுப்பில் துண்டோடு வரிசையாக வந்து கையை நீட்டினார்கள். அவர் ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருத் துட்டிகளுக்கு அவரும் எத்தனையோ தரம் வந்திருக்கிறார், முறை தெரியும். தெருவே வந்து கை நீட்டினால் என்ன அர்த்தம் என்றும் தெரியும். ஆகவே ஒன்றும் கேட்காமல் தொட்டுக்கொண்டே இருந்தார். பெண்கள் பக்கத்தில் மதினி தலையை விரித்துப்போட்டு, ஒரு நாளும் பார்த்திராத அவர் மனைவிக்காக மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"பனிமலையில் பொறந்தவளே, பார்க்காத என் தங்கச்சி,
இனிமே நான் எங்க வந்து எம் மடியில் உன்னத் தாங்க..."

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. நடு வாசலில் நின்று போட்டேன் ஒரு சத்தம்.

"நிறுத்துங்க! செத்துப்போனாங்கன்னு உங்ககிட்ட வந்து யாரு சொன்னது?"

ஒப்பாரி பாதியில் அறுந்தது. அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "ஊரே போச்சுன்னு போட்டிருக்காம்மா. ஊரு போனா வீடு மட்டும் நிக்குமா? நாளைக்கு வெள்ளிக்கெழமை, துட்டி கேக்கக் கூடாது. அடுத்தாப்புல வருசப்பொறப்பும் வருது. அதான் இன்னைக்கே கேட்டுருவோம்னு..."

"நாள் நல்லாத்தான் பாத்திய! உசுரு இருக்கா இல்லையான்னு பாக்க மறந்துட்டிய!"

குங்குமப்பூக்காரர் தலை நிமிர்ந்தார். "அக்கா, தந்தி இல்லையா?" என்றார்.

"இல்ல வே. பூகம்பம் நெசம். மத்தது ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி இவங்களா வந்து உக்காந்திருக்காங்க."

பிறகு நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அண்ணாச்சிக்குக் கொஞ்சம், ஆண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம், மீதி முழுவதும் மதினிக்கு. "உயிரோட இருக்கவளுக்கு ஒப்பாரி வைக்குதியே, ஒனக்கு அழ ஆள் கெடைக்கலன்னா என்னைய நெனச்சு அழேம்ட்டி!" என்று கேட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அன்று நான் கத்தியது சரி என்றுதான் சொல்வேன்.

மதினி எழுந்து தலையை முடிந்துகொண்டாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"சரிட்டி, அழுதது அழுதாச்சு. காக்கா தலையில தட்டுனா என்ன செய்யுதோம்? செத்துட்டாங்கன்னு சொந்தக்காரங்களுக்குச் சொல்லி விட்டு அழ விடுதோம்லா? அழுதா தோசம் கழிஞ்சு ஆயுசு கெட்டின்னுதானே? அவளுக்கு எமன் வந்திருந்தாலும் இப்பம் திரும்பிப் போயிருப்பான். அழுகைய வாங்கிட்டான், உசுர விட்ருவான்."

இப்படி ஒரு வழக்கம் எங்களிடம் உண்டுதான். காக்கை தலையில் தட்டினால் ஆகாது என்று, தூரத்து உறவுக்கு இழவு சொல்லி அனுப்புவார்கள். அவர்கள் அழுதுகொண்டே ஓடி வருவார்கள். இங்கே ஆள் உயிரோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். பிறகு எல்லோரும் சிரித்துச் சாப்பிட்டுப் போவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. மதினிக்கும் அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததுதான் அது. ஆனால் குங்குமப்பூக்காரர் என்னைத்தான் பார்த்தார்.

"அக்கா, நெசமா?"

"ஆமா வே," என்றேன். வேறு என்ன சொல்ல!

துட்டிக்கு வந்த கூட்டம் அப்படியே வழியனுப்புகிற கூட்டமாக மாறிவிட்டது. எங்கள் தெருவுக்கு அந்தக் குணம் உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாது, ஆனால் செய்யாமல் இருக்காது. அண்ணாச்சி ரயில் செலவுக்கு ஏற்பாடு செய்தார். ஒரு வீட்டிலிருந்து பத்தமடைப் பாய் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து பனையோலை விசிறி. "பனி கொட்டுத ஊருக்குப் பாயும் விசிறியும் கொண்டு போனா அவங்க என்னவே நெனப்பாங்க?" என்று திருப்பி அனுப்பினேன். கட்டுச்சோறு என் பொறுப்பு. நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய புளிச்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அவை தீர்ந்த பிறகு வழிக்கு அவல். மூட்டையில் சுக்கும் கருப்பட்டியும் இடம் உள்ளமட்டும் திணித்தேன். குளிர் நாட்டில் சுக்குக் கருப்பட்டிக்கு வேலை இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் மதினி ஒரு சால்வையோடு வந்தாள். அவரிடமே வாங்கியது. அவள் புருஷன் மார்கழி பஜனைக்குப் போர்த்திக்கொண்டு பெருமையாகப் போவார். "இத அவளுக்குப் போத்தி விடுங்க. பூகம்பத்துல துணிமணி என்ன மிஞ்சியிருக்கப் போவுது" என்று அவரிடம் கொடுத்தாள். சற்றுமுன் மாரில் அடித்து அழுத அதே ஆள்தான்.

மறுநாள் காலை ஆற்றுப்பாலத்து ரயில் ஸ்டேஷனில் பாதித் தெரு நின்றது. முந்தின நாள் அவர் வாசலிலிருந்து சொல்லாமல் எழுந்து போனவர்கள் அத்தனை பேரும் ஒவ்வொருவராக ஜன்னலருகே போய், "போயிட்டு வாரும் வே" என்று சொன்னார்கள். அண்ணாச்சி இரண்டு தரம் சொன்னார்.

அன்றிலிருந்து நானும் மதினியும் பேசவில்லை. எதிரும் புதிருமாக வீடு, எதிரும் புதிருமாக முகம். கோலம் போடும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போடுவாள். நானும் அப்படியே.

அப்போது ஒரு வக்கீல், வே என்று கூப்பிட்டால் ரோஷப்படுகிறவர் என்று சொன்னேனே, அவர்தான், பூகம்பத்தில் பிழைத்தவர்களுக்கு அனுப்ப வசூல் ஆரம்பித்தார். ஆண்கள் போட்டார்கள். பெண்கள் கையில் என்ன இருக்கும்? அரிசிதான் இருக்கும். மதினி வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி கேட்டாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது, கோயிலுக்கும் மடத்துக்கும் நாங்கள் செய்கிற வழக்கந்தான். வெள்ளிக்கிழமை தோறும் அவள் கலயங்களைச் சேர்த்து ஒரு பானையில் கொட்டிக்கொண்டு வருவாள். அந்த அரிசியை ரயிலில் வடக்கே அனுப்பினால் கூலி அரிசியை விழுங்கிவிடும். சமைத்து விற்கத் தெரிந்த ஆள் தெருவில் ஒருத்திதான். அவளோடு இவளுக்குப் பேச்சு கிடையாது!

ஆகவே பானை என் வாசலில் வந்து உட்காரும். நான் எடுத்துச் சமைப்பேன். சனிக்கிழமைச் சாப்பாட்டில் வருவது அப்படியே வக்கீல் கைக்குப் போகும். காலிப் பானையை நான் அவள் வாசலில் கொண்டுபோய் வைப்பேன். ஒரு வார்த்தை கிடையாது. அவசியமானால் பூக்காரி நடுவில் தூது போவாள்.

"அரிசியில கல்லு கெடக்குன்னு சொல்லு."

"பொறுக்கிப் போடச் சொல்லு. கையில என்ன மருதாணியா வச்சிருக்கா?"

இந்த லட்சணத்தில்தான் நாங்கள் இருவரும் காங்கடாவுக்கு உதவி செய்தோம். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்தப் பானை வராமல் இருந்ததில்லை. அவளுக்கு ஜுரம் கண்ட வாரத்தில்கூட வந்தது. அதற்காக அவளை மனசுக்குள் கும்பிட்டேன். வாய்விட்டுச் சொல்வதற்கு ரோஷம் விடவில்லை.

அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வைகாசி போனது, ஆடி போனது. ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தது. சாப்பிடும்போது யாராவது "குங்குமப்பூக்காரரு..." என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் கண்ணைக் காட்டி நிறுத்துவார்கள். நான் தினமும் ரசத்தை இறக்கும்போது அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் நினைத்துக்கொள்வேன். உயிரோடு இருக்கட்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று நெல்லையப்பரிடம் கேட்பேன். காக்கைச் சமாசாரத்தில் நம்பிக்கை இல்லாதவள்தான். ஆனாலும், "ஒருத்தி அவ்வளவு அழுதிருக்கிறாளே, அதற்காவது விட்டுவிடும்" என்று சாமியிடம் வாதாடினேன்.

ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை, மழை விட்டிருந்த மத்தியானம். இலை எடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் அவர் வந்துகொண்டிருந்தார். தகரப்பெட்டி இல்லை. தாடி நரைத்திருந்தது. பக்கத்தில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை, ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தது. மேலே அந்தச் சால்வை, தரையில் புரளாமல் இருக்க மடித்துக் கட்டியிருந்தது. அவர் கை காட்டிக் காட்டி வளர்த்த உயரத்துக்கு அது வளரவில்லை. ஒரு சாண் குறைச்சலாகவே இருந்தது.

அவர்களோடு வேறு யாரும் வரவில்லை. தெரு முனைவரை பார்த்தேன். வரவில்லை.

நான் வாசலில் இறங்கி நின்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். எனக்குச் சுருக்கென்றது. கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தவள் நான், அழுது கலங்க அடித்தவள் அவள், முதலில் போய் நிற்கிறது அங்கேயா என்று நினைத்தேன். அந்த நேரத்தில்கூட என் புத்தி அப்படித்தான் போனது.

மதினி வெளியே வந்தாள். தெருப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். கிட்டே போக யாருக்கும் தைரியம் இல்லை. ஒரு தரம் அவசரப்பட்டு அழுது சூடுபட்டவர்கள். அவர் படியில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். நான் தெருவின் இந்தப் பக்கத்தில் நின்றே கேட்டேன்.

விடிந்த சமயத்தில் மலை குலுங்கியிருக்கிறது. கல் வீடு, மேலே பலகைக்கல் கூரை. மனைவி உள்ளே அடுப்படியில் இருந்தாள். பிள்ளை ஆட்டுக்குட்டியை அவிழ்க்க வெளியே ஓடியது. சுவர் அதன் காலில் மட்டும் விழுந்தது. லாகூர்ப் பக்கத்திலிருந்து படிக்கிற பிள்ளைகள் மண்வெட்டியும் கையுமாக நடந்தே மலை ஏறி வந்தார்களாம். அவர்கள்தான் பிள்ளையைக் கூடார ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள். அங்கே ஒரு டாக்டர் எலும்பைச் சேர்த்துக் கட்டினார். எங்கிருந்தெல்லாமோ கம்பளியும் கோதுமை மாவும் வந்தன. "யாரு அனுப்புனா, யாருக்குத் தெரியும் வே! நீங்களும் அனுப்புனியளாம்லா, வர்ற வழியில வக்கீல் பாத்துச் சொன்னாரு. எம் பிள்ள தின்ன ரொட்டியில உங்க அரிசியும் கெடந்திருக்கும்" என்றார். என் சுக்கையும் கருப்பட்டியையும் கூடாரத்தில் கொதிக்க வைத்து எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். அந்தக் கறுப்புச் சர்க்கரை எந்த ஊர் மருந்து என்று டாக்டரே கேட்டாராம். உயிரோடு இருப்பவர்களுக்குப் பனி விழுமுன் கூரை வேண்டும் என்று இத்தனை மாதமும் மரம் அறுத்து, பலகை சுமந்து, கூரை போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அவளைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னார்.

"நான் போறதுக்குள்ள எல்லாத்தையும் ஒண்ணா வச்சு எரிச்சுட்டாங்க. அதுல அவ எதுன்னு காட்ட ஆள் இல்ல. மதினி, அங்கன யாரும் அழலை. எல்லா வீட்லயும் செத்தாச்சு, யாரு யாருக்கு அழ? மிச்சம் இருந்தவங்க கல்லப் பொரட்டவே கை பத்தலை. எனக்கும் அழுகை வரலை. அப்பம் நெனச்சேன். அவளுக்கு ஒருத்தி அழுதிருக்கா. அவ மண்ணுக்குள்ள கெடந்த அன்னைக்கு, தலைய விரிச்சுப்போட்டு, தங்கச்சின்னு கூப்பிட்டு அழுதிருக்கா. அது ஒண்ணுதான் மதினி அவளுக்கு நடந்தது. அதச் சொல்லத்தான் நேரா இங்க வந்தேன்."

பிறகு பிள்ளையிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பிள்ளை மடியிலிருந்து இறங்கி, காலை இழுத்துக்கொண்டு போய், மதினியின் பாதத்தைத் தொட்டது.

மதினி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஊரில் எந்த இழவுக்கும் முதல் குரல் கொடுப்பவள், வாயைத் திறந்தபடி ஊமை மாதிரி நின்றாள். பிள்ளையின் தலையில் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். மற்றவர்கள் அவள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தெருவைத் தாண்டிப் போனேன். எனக்குப் பாட வராது, என் குரலுக்கு மாடு மிரளும். ஆனாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பனிமலையில் பொறந்தவளே, பார்க்காத என் தங்கச்சி..."

"அப்படி இல்லட்டி," என்றாள் மதினி. அரை வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. "இழுத்துச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, அவளே எடுத்தாள். அப்புறம் தெரு முழுக்க அழுதது. குங்குமப்பூக்காரரும் அழுதார். மலையில் வராத அழுகை அவருக்கு எங்கள் தெருவில் வந்தது. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து கை நீட்டினார்கள். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை.

நான் சொல்லாமல் எழுந்து வந்தேன். எதிர்வீட்டில் அன்று அடுப்பு எரியாது, இங்கே எரிய வேண்டும். பிள்ளைக்குக் காரம் இல்லாமல் ரசம் வைக்க வேண்டும். உலையை ஏற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தபோது கொழும்பு ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் அநாதையாகப் போனார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அன்றைக்கு முதல்முறையாக வேறு மாதிரி தோன்றியது. அவர் கிடந்த தெருவிலும் ஓர் எதிர்வீடு இருந்திருக்கும். அதில் இப்படி ஒருத்தி இருந்திருப்பாள். பெயர் தெரியாமல், ஊர் தெரியாமல், என்ன உறவு என்று தெரியாமல், "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாவது அழுதிருப்பாள். என்ன பாஷையில் அழுதிருந்தால் என்ன! அவள் நன்றாக இருக்க வேண்டும், அவள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

தண்ணீர் கொதித்தது. அரிசிப் பானையில் கையை விட்டேன். காலியாக இருந்தது. மூலையில் போன வெள்ளிக்கிழமைப் பானை, சனிக்கிழமைச் சமையலுக்குப் போகப் பாதி மிச்சம் இருந்தது. அந்தப் பிடியரிசியைத்தான் அள்ளிக் கழுவி, கல் பொறுக்கி, பிள்ளைக்கு உலையில் போட்டேன்.